ஸ்மித்ஃபீல்டில் தொடங்கி லண்டன் வரை: ஏவா கார்ட்னரின் பாதையில் ஏழு நாள்

முதல் நாள்: ராலே – ஸ்மித்ஃபீல்ட்

ஹாலிவுட் நடிகை ஏவா கார்ட்னர் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் வட கரோலினாவில். அங்கே ராலே-டர்ஹம் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மித்ஃபீல்ட் வந்துவிடும். தூரம் 65 கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் வருகிறவர்கள் பக்கத்து ஊரான செல்மாவில் இறங்கலாம். ஆனால் கார் இல்லாமல் இந்த வட்டாரத்தில் பிழைப்பு ஓடாது. நாளைக்குப் பார்க்க வேண்டிய இடங்களெல்லாம் வயல்வெளி நடுவே இருக்கின்றன; டவுன் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க முடியாது. நியூயார்க் பக்கமிருந்து ஐ-95 சாலையில் வருகிறவர்கள் 95ஆம் எக்ஸிட்டில் இறங்க வேண்டும். சாலை எண்ணும் 95, எக்ஸிட் எண்ணும் 95. வண்டியில் வழி சொல்கிறவரும் ஓட்டுகிறவரும் இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

ஏவா கார்ட்னர் அருங்காட்சியகம் கிழக்கு மார்க்கெட் தெரு 325இல், ஊரின் கடைத்தெருவிலேயே இருக்கிறது. ஒரு நடிகைக்கு இவ்வளவு சிறிய ஊரில் தனி அருங்காட்சியகம் எப்படி வந்தது? டாம் பேங்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையனால் வந்தது. வில்சன் ஊரில் கல்லூரி வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஏவாவை அவனும் கூட்டாளிகளும் கேலி செய்துகொண்டே இருந்தார்கள். ஒரு நாள் அவர் துரத்திப் பிடித்து, கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டார். பிறகு பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்த பையன் அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தான். போஸ்டர், புகைப்படம், உடை என்று ஆயுள் முழுக்கச் சேர்த்து, 1980களில் ஏவா வளர்ந்த கட்டடத்தையே விலைக்கு வாங்கி, கோடைக்காலங்களில் அதை அருங்காட்சியகமாக நடத்தினார். 1989இல் அவர் இறந்ததும் மனைவி லொரெய்ன் முழுத் தொகுப்பையும் ஸ்மித்ஃபீல்ட் ஊருக்கே கொடுத்துவிட்டார். இப்போதைய இடத்துக்கு வந்தது 2000இல்.

உள்ளே இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டச்சு ஓவியர் பெர்ட் ஃபைஃபர் வரைந்த ஏவாவின் உருவப்படங்கள் ஒரு வரிசை இருக்கின்றன. ஒரே முகத்தை விடாமல் வரைந்தவரின் கை எங்கே ரசிகனாகவும் எங்கே ஓவியனாகவும் வேலை செய்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். போஸ்டர்களில் முகத்தை விட்டுவிட்டு, பெயர் எந்த இடத்தில், எத்தனை பெரிய எழுத்தில் இருக்கிறது என்று ஆண்டு வரிசையில் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ ஒப்பந்தங்களில் பெயரின் இடமும் எழுத்தளவும் பேரம் பேசி எழுதப்பட்டவை. ஒரு நடிகையின் சந்தை நிலவரம் முகத்தில் தெரியாது, எழுத்தளவில் தெரியும்.

இன்னொன்று, காசில்லாத வேலை. கடையில், பெட்ரோல் பங்க்கில், உள்ளூர் வயதானவர்கள் பேசுவதைக் கொஞ்சம் கேளுங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ர்' கரைந்து போகும். 'டைம்' என்பது 'டாஆம்' என்று இழுபடும். பதினெட்டு வயதில் ஏவா ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனது இந்தப் பேச்சைத்தான். அவரிடமிருந்து முதலில் பிடுங்கப்பட்டதும் இதுதான். மீதி ஆறு நாளும் இந்தப் பேச்சின் பின்னால்தான் போகிறோம்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. கிழக்கு வட கரோலினாவில் பார்பிக்யூ என்றால் முழுப் பன்றியைச் சுட்டு, பிய்த்து, வினிகரும் மிளகாயும் கலந்தது. சைவக்காரர்கள் பக்கத்தில் வைக்கும் கீரையையும் பீன்ஸையும் நம்பிச் சாப்பிட்டு ஏமாறுவார்கள். ஊர் வழக்கப்படி அவையும் பன்றித் துண்டு போட்டு வேகவைத்தவை. 'இறைச்சி உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள், துண்டை எடுத்துவிட்டதால். 'எதைப் போட்டு வேகவைத்தீர்கள்' என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள்: கிராப்டவுன் – பிராக்டன் – கென்லி

ஏவா லவினியா கார்ட்னர் 1922 டிசம்பர் 24 அன்று கிராப்டவுனில் பிறந்தார். ஜோனஸ், மோலி தம்பதியின் ஏழாவது, கடைசிப் பிள்ளை. கிராப்டவுனை ஊர் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்: வயல்களுக்கு நடுவே ஒரு சாலைச் சந்திப்பு, அவ்வளவே. பாரம்பரியத் தடம் என்று ஒரு வழிகாட்டி வரைபடம் இருக்கிறது. நேற்றே அருங்காட்சியகத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் 'கிராப்டவுன்' என்று மட்டும் அடித்தால் எங்கேயாவது வயல் வரப்பில் கொண்டுபோய் நிறுத்தும். சுற்றிலும் தனியார் நிலங்கள், ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி.

சொந்த நிலம் கைவிட்டுப் போன பிறகு ஜோனஸ் அடுத்தவர் நிலத்தில், விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வாரத்துக்குப் பயிர் வைத்தார். தாய் மோலிக்கு பிராக்டன் பள்ளி ஆசிரியைகள் தங்கும் விடுதியில் சமையலும் வீட்டு நிர்வாகமும். ஏவா வளர்ந்ததும், பின்னாளில் டாம் பேங்ஸ் வாங்கியதும் அந்த விடுதிக் கட்டடத்தைத்தான்.

இங்கிருந்து நேராக கென்லிக்குப் போங்கள். ஸ்மித்ஃபீல்டிலிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டர், ஐ-95இல் 107ஆம் எக்ஸிட். அங்கே புகையிலைப் பண்ணை வாழ்க்கை அருங்காட்சியகம் இருக்கிறது. நடிகையைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. அவர் குழந்தைப் பருவத்தை வேறு எந்த இடமும் இவ்வளவு நன்றாக விளக்காது.

இந்த மாவட்டமான ஜான்ஸ்டன் கவுண்டியில் விளைவது வெளிர்மஞ்சள் புகையிலை. செடியை அடியோடு வெட்ட மாட்டார்கள். கீழிலை முதலில் பழுக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை, செடிக்கு மூன்று நான்கு இலையாக, கீழிருந்து மேலாக ஒடித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன்பே பூக்கொழுந்தைக் கிள்ளியிருக்க வேண்டும். கிள்ளிய மறுவாரமே இலைக்கக்கத்தில் பக்கச் சிம்பு வெடிக்கும். அதையும் விடாமல் ஒடிக்க வேண்டும். விட்டால் சத்தெல்லாம் சிம்புக்குப் போய் இலை மெலிந்துவிடும். விரல் தடிமனில் இருக்கும் பச்சைப் புழுவைக் கையால் பொறுக்கி நசுக்குவது குழந்தைகளின் வேலை. ஒடித்த இலையை மூன்று நான்காகச் சேர்த்து எடுத்துக் கொடுப்பதும் குழந்தைகள்தான். பெண்கள் அதை வாங்கி, நாலரை அடிக் கம்பில் நூலால் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். கட்டிய கம்புகளை மரக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, கீழே தகரக் குழாய் வழியாக விறகுச் சூடு விடுவார்கள்.

ஐந்தாறு நாள் வேகும் இந்தக் கட்டத்தில்தான் வருஷத்து வருமானம் நிற்கும், இல்லை போகும். முதல் ஒன்றரை இரண்டு நாள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ்: இலை மஞ்சளாக வேண்டும். அடுத்து மெல்ல மெல்ல 57 வரை: இலைப் பரப்பு காய வேண்டும். கடைசியில் 75 வரை: நடு நரம்பு காய வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே சூடேற்றினால் பச்சை நிறம் அப்படியே உறைந்துவிடும். ஏலத்தில் எவரும் தொட மாட்டார்கள். தாமதித்தால் இலை பழுப்பேறிச் சொதசொதத்துப் போகும். கம்பிலிருந்து ஒரு காய்ந்த இலை நழுவிச் சூட்டுக் குழாய் மேல் விழுந்தால் கொட்டகையே போய்விடும். அதனால் இரவு முழுக்க ஒருவர் காவல் படுத்திருக்க வேண்டும்.

இலையிலிருந்து கசியும் பிசின் கையில் கறுப்பாக ஒட்டும். சோப்புக்கு லேசில் போகாது. பனி ஈரத்தோடு இலையைத் தொட்டால் நிக்கோட்டின் தோல் வழியே ஏறி, தலைசுற்றி வாந்தி வரும். செருப்பில்லாமல் இந்த வயலில் திரிந்த பெண் என்று ஸ்டுடியோ விளம்பரப் பிரிவு பிற்பாடு அழகழகாக எழுதியது. பிசின் பற்றி எழுதவில்லை.

மூன்றாம் நாள்: ராக் ரிட்ஜ் – வில்சன் – கல்லறை

ஸ்மித்ஃபீல்டிலிருந்து வில்சன் சுமார் 45 கிலோமீட்டர். 1930களின் நடுவில் குடும்பம் பிழைப்புக்காக வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் துறைமுகத்துக்குப் போனது. மோலி அங்கே விடுதி நடத்தினார். பள்ளியில் இந்தப் பெண் வாயைத் திறந்ததும் வகுப்பு சிரித்தது. 1938இல் தந்தை இறந்தார். வட கரோலினாவுக்குத் திரும்பி வந்து, வில்சனுக்கு மேற்கே இருக்கும் ராக் ரிட்ஜில் மறுபடி ஓர் ஆசிரியை விடுதி. ஏவா பள்ளிப் படிப்பை முடித்தது அங்கே, 1939இல். அடுத்து வில்சனில் அட்லாண்டிக் கிறிஸ்தவக் கல்லூரியில் செயலாளர் பயிற்சி: சுருக்கெழுத்து, தட்டச்சு. இப்போது அதன் பெயர் பார்டன் கல்லூரி. பழைய பெயரைச் சொல்லி வழி கேட்டால் இளைஞர்கள் விழிப்பார்கள். ராக் ரிட்ஜையும் வில்சனையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

சினிமா நுழைந்த கதை நியூயார்க்கில் நடந்தது. ஆனால் அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பதால் பயணத்தில் சேர்க்கவில்லை. அக்கா பியாட்ரிஸ், வீட்டில் கூப்பிடும் பெயர் 'பாப்பி', நியூயார்க்கில் இருந்தார். அவர் கணவர் லாரி டார் ஸ்டுடியோ வைத்திருந்த புகைப்படக்காரர். பார்க்க வந்த மைத்துனியைப் படமெடுத்து, ஐந்தாம் அவென்யூ கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். லோஸ் தியேட்டர் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்த்த பார்னி டுஹன் என்ற இளைஞன் அதைப் பார்த்துவிட்டு, பெண்ணைச் சந்திக்க ஆசைப்பட்டு, எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லித் தொலைபேசி எண் கேட்டான். எண் கிடைக்கவில்லை. ஆனால் எம்.ஜி.எம். என்று காதில் விழுந்ததும் டார் படங்களை அந்த நிறுவனத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

நியூயார்க்கில் சோதனைப் படம் எடுத்தவர் ஆல் ஆல்ட்மன். முதலில் பேசவிட்டு எடுத்தார். அந்தக் கரோலினா இழுவை கலிபோர்னியாவில் எவருக்கும் புரியாது என்று தெரிந்ததும், ஒலியில்லாமல் எடுத்தார்: நட, திரும்பு, உட்கார், ஜாடியில் பூவை அடுக்கு. எம்.ஜி.எம். ஸ்டுடியோ இருந்த கல்வர் சிட்டிக்குப் போனது அந்த ஊமைப் படம்தான். 'பாடத் தெரியாது, நடிக்கத் தெரியாது, பேசத் தெரியாது, பிரமாதம்' என்று எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர் சொன்னதாக ஒரு வசனம் எல்லாப் புத்தகத்திலும் வரும். அவர் சொன்னாரோ இல்லையோ, ஒப்பந்தம் அந்தக் கணக்கில்தான் போடப்பட்டது.

திரும்பும் வழியில், 70ஆம் எண் சாலையில் ஸ்மித்ஃபீல்டுக்கு மேற்கே சன்செட் மெமோரியல் பார்க். ராலேக்குப் போகிற திசையிலேயே இருப்பதால் விமானத்துக்கு முன் கடைசி நிறுத்தமாக வைத்துக்கொள்ளலாம். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் பக்கத்தில், 'கார்ட்னர்' என்று எழுதிய குடும்ப இடத்தில், தாழ்வான கல். முழுப் பெயரும் இரண்டு தேதிகளும்: 1922 டிசம்பர் 24, 1990 ஜனவரி 25. அடக்கத்தின்போது தூரத்தில் ஒரு கறுப்பு லிமோசின் நின்றதாகவும், உள்ளே ஏவாவின் முன்னாள் கணவரான பாடகர் ஃபிராங்க் சினாட்ரா இருந்ததாகவும் ஒரு கதை உலவும். வண்டிக் கதவு திறந்து எவரும் இறங்கியதாக யாரும் சொல்லவில்லை.

நான்காம் நாள்: கல்வர் சிட்டி

1941 ஆகஸ்டில் ஏவாவும் பாப்பியும் ரயிலில் வந்த தூரத்தை இன்று விமானம் ஐந்து மணி நேரத்தில் தாண்டிவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் தங்குவதென்றால் கல்வர் சிட்டியிலேயே தங்குங்கள். மெட்ரோவின் 'இ' தடத்தில் கல்வர் சிட்டி நிலையம். அங்கிருந்து பழைய எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்கு நடந்தே போகலாம். இப்போது அது சோனி பிக்சர்ஸ். வார நாள்களில் நடைச் சுற்று உண்டு. முன்பதிவு அவசியம், அடையாள அட்டை அவசியம். செருப்பு தேய நடக்க வேண்டும். அன்றைக்குப் படப்பிடிப்பு நடக்கும் தளங்களைத் தவிர்த்துத்தான் கூட்டிப்போவார்கள். இன்ன தளம்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பயனில்லை.

ஏவாவின் ஒப்பந்தம் ஏழு ஆண்டு, தொடக்கச் சம்பளம் வாரம் 50 டாலர். கேட்க நன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் கண்ணிகளைப் பாருங்கள். ஏழு ஆண்டு கட்டாயம் நடிகைக்கு மட்டும். குறிப்பிட்ட தவணைதோறும் தொடர்வதா, அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை ஸ்டுடியோவுக்கு. சம்பளம் உறுதி ஆண்டுக்கு 40 வாரத்துக்குத்தான். மீதி 12 வாரம் வேலையில்லை என்று சொல்லி நிறுத்தி வைக்கலாம். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் இடைநீக்கம். இடைநீக்கக் காலத்தை ஏழு ஆண்டோடு கூட்டிக்கொள்கிற பழக்கமும் இருந்தது. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்குப் போட்டு, 1944 டிசம்பரில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஏழு ஆண்டு என்றால் காலண்டர் ஏழு ஆண்டு' என்று தீர்ப்புச் சொன்ன பிறகே அது நின்றது.

இதற்கு மேல் இரவல் முறை. வேறு கம்பெனிக்கு நடிகையை வாடகைக்கு விட்டு, வரும் தொகையை ஸ்டுடியோ வாங்கிக்கொண்டு, நடிகைக்கு ஒப்பந்தச் சம்பளத்தையே கொடுக்கும். ஐந்து ஆண்டு துண்டு துக்கடா வேடங்களிலும் நீச்சலுடைப் புகைப்படங்களிலும் ஓட்டிய ஏவாவை 1946இல் நட்சத்திரமாக்கியது எம்.ஜி.எம். படமல்ல, யுனிவர்சலுக்கு இரவல் போய் நடித்த 'தி கில்லர்ஸ்'. ராபர்ட் சியோட்மாக் இயக்கம், பர்ட் லங்காஸ்டருக்கு முதல் படம். பியானோ பக்கத்தில் ஒற்றைத் தோள் கறுப்பு சாட்டின் உடையில் ஏவா பாடும் காட்சியை இப்போது மறுபடி பாருங்கள். அந்தக் குரல் அவருடையது.

இதைச் சொல்லக் காரணம், அடுத்து வந்த படங்களில் குரல் அவருடையதல்ல. எம்.ஜி.எம்.மில் கெர்ட்ரூட் ஃபோக்லர் பேச்சைத் திருத்தினார், லில்லியன் பர்ன்ஸ் நடிப்பைச் சொல்லிக் கொடுத்தார். பேச்சு ஒருவழியாகச் சீரானது. பாட்டுக்கு வேறு ஆள் வைத்தார்கள். 1947, 1948 படங்கள் இரண்டில் ஐலீன் வில்சன் பாடினார். பெரிய அடி 1951இல், 'ஷோ போட்' படத்தில். ஜூலி என்ற கலப்பினப் பாடகி வேடம். அந்த வேடத்தைக் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் 1946இல் வேறொரு எம்.ஜி.எம். படத்தின் ஒரு பகுதியில் செய்து காட்டியிருந்தார். முழுப் படம் எடுத்தபோது அவருக்குக் கொடுக்கவில்லை. ஏவா பாட்டுக்களை உழைத்துப் பயின்று தன் குரலில் பதிவும் செய்தார்.

இசைப்படத்தில் முதலில் பாட்டைப் பதிவு செய்து, தளத்தில் அதை ஒலிக்கவிட்டு வாயசைக்க வேண்டும். படமெடுத்த பிறகு குரலை மாற்றினால், புதுப் பாடகி அந்த உதட்டசைவுக்கு மூச்சுக்கு மூச்சு பொருந்திப் பாட வேண்டும். அந்தக் கஷ்டமான வேலையைச் செய்தவர் அனெட் வாரன். பின்னணிப் பாடகி என்றால் நமக்குப் பெயர் தெரிந்த ஒருவர். அனெட் வாரனின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட இல்லை. அதைவிட வேடிக்கை, இசைத்தட்டில் ஏவாவின் பெயரைப் போட்டு விற்க வேண்டியிருந்ததால் அங்கே ஏவாவின் சொந்தக் குரலையே வைத்தார்கள். தியேட்டரில் ஒரு குரல், வீட்டு கிராமஃபோனில் வேறு குரல். படத்துக்கு அவர் குரல் திரும்பிவந்த காட்சியைப் பார்வையாளர்கள் பார்த்தது 1994இல், எம்.ஜி.எம். பழைய இசைக்காட்சிகளைத் தொகுத்து வெளியிட்டபோது. ஏவா இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அனெட் வாரன் உயரத்துக்கு அநாயாசமாக ஏறுகிறார். ஏவா ஏறத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் ஜூலிக்குப் பொருந்துகிறது என்பதே இதை எழுதுகிறவர்களின் கட்சி.

ஷோ போட் கப்பல் மிதந்த குளம் இப்போதைய சோனி வளாகத்தில் இல்லை. அது எம்.ஜி.எம்.மின் மூன்றாம் வெளிப்புறப் படப்பிடிப்புக் களத்தில் இருந்தது. 1970களில் மனைக்காரர்களுக்குப் போய்க் குடியிருப்பாகிவிட்டது. கப்பல் ஏலத்தில் போய், கன்சாஸ் சிட்டி கேளிக்கைப் பூங்கா ஒன்றில் நின்று, 1995இல் உடைக்கப்பட்டது. தேடி அலைய வேண்டாம்.

ஐந்தாம் நாள்: பல்லார்ட், மாலையில் ஹாலிவுட்

காலை ஆறரைக்குள் கிளம்பாவிட்டால் 101 சாலையில் மாட்டிக்கொள்வீர்கள். சாண்டா பார்பரா தாண்டி 154ஆம் எண் மலைப்பாதையில் ஏறி இறங்கினால் சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கு. அதில் பல்லார்ட் என்ற குட்டி ஊர். போக இரண்டரை மணி நேரம். 1942 ஜனவரி 10 அன்று ஏவாவும் மிக்கி ரூனியும் இங்கே கல்யாணம் செய்துகொண்டார்கள். ரூனி அப்போது எம்.ஜி.எம்.மின் பெரிய வசூல் நட்சத்திரம். ரசிகைகள் மனம் உடையக் கூடாது என்று, நகரை விட்டு இவ்வளவு தூரத்தில் சத்தமில்லாமல் முடித்தார்கள். ஸ்டுடியோவின் விளம்பர ஆள் கல்யாணத்துக்கு மட்டுமல்ல, தேனிலவுக்கும் கூடவே போனார். 1943இல் விவாகரத்து. அடுத்து இசைக்குழுத் தலைவர் ஆர்ட்டி ஷா, 1945 முதல் 1946 வரை. மூன்றாவது சினாட்ரா, 1951 நவம்பர் 7, ஃபிலடெல்ஃபியா. 1953இல் பிரிந்து, 1957இல் சட்டப்படி முடிந்தது.

மாலையில் ஹாலிவுட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். சீனத் திரையரங்க முற்றத்தில் 1952இல் பதித்த கைத்தடமும் கால்தடமும், வைன் தெருவில் நடைபாதை நட்சத்திரம். முற்றத்தில் கூட்டம் குறைவது காலையில்தான். மாலையில் போனால் தடத்தைப் பார்க்க மற்றவர்களின் கால்கள் விலகக் காத்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள்: டோசா டி மார்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பார்சிலோனா போக ஒரு முழு நாள் விமானத்தில் போய்விடும், கணக்கில் சேர்க்கவில்லை. பார்சிலோனாவின் எஸ்டாசியோ டெல் நோர்ட் பேருந்து நிலையத்திலிருந்து டோசா டி மாருக்கு நேரடி பஸ், ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கோடையில் திரும்பும் பஸ்ஸுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்துவிடுங்கள். கடைசி பஸ் நிரம்பினால் இரவை அங்கேதான் கழிக்க வேண்டும்.

1950இல் ஆல்பர்ட் லெவின் இயக்கிய 'பண்டோரா அண்ட் தி ஃப்ளையிங் டச்மன்' படத்துக்காக ஏவா இங்கே வந்தார். முதல் தடவையாக வண்ணப்படத்தில் நாயகி. ஜாக் கார்டிஃப் ஒளிப்பதிவு. அப்போதைய டெக்னிகலர் கேமராவுக்குள் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் ஏக காலத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிச்சம் மூன்றாகப் பங்கு போவதால் சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு ஒளி வேண்டும். மத்தியதரைக் கடற்கரை வெயில் அந்தக் கேமராவுக்கு வரப்பிரசாதம். நடிகர்களின் கண்ணுக்குத் தண்டனை.

கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரில் ஏறினால் கடலைப் பார்த்தபடி ஏவாவின் வெண்கலச் சிலை, 1998இல் வைத்தது. கடற்கரையிலிருந்து பத்து நிமிட ஏற்றம். கல் பாவிய வழி வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு நல்லது. சிலை ஆள் உயரத்தில், தரையோடு நிற்கிறது. பீடத்தில் தூக்கி வைக்காதது நல்ல யோசனை. காலையில் வெயில் சிலையின் முகத்துப் பக்கம் விழும், பிற்பகலில் முதுகுப் பக்கம். படம் எடுப்பதென்றால் காலையில் ஏறுங்கள்.

இங்கே பிடித்துப்போய்த்தான் 1950களின் நடுவில் ஏவா அமெரிக்காவை விட்டு ஸ்பெயினுக்குக் குடிமாறினார். மாட்ரிட்டில் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அதற்குள் 1953இல் வந்த 'மொகாம்போ' படத்துக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்திருந்தது. 1956இல் வந்த 'பவானி ஜங்ஷன்' இந்திய விடுதலைக் காலத்து ரயில்வே ஊர்க் கதை. ஏவாவுக்கு ஆங்கிலோ இந்தியப் பெண் வேடம். கதை இந்தியா, படப்பிடிப்பு லாகூர். 1957இல் ஸ்பெயினில் காளைப் பண்ணை ஒன்றில் குதிரையிலிருந்து விழுந்து கன்னத்தில் ரத்தம் கட்டியது. முகமே முதலாக உள்ளவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! லண்டனில் முகச் சீரமைப்பு மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோவிடம் போனார். அவர் கத்தி வைக்க வேண்டாம், ஊசியும் வேண்டாம், தானாகக் கரையட்டும் என்றார். சரியான ஆலோசனை.

ஏழாம் நாள்: லண்டன்

ஏவா கடைசியாக வாழ்ந்த வீடு எனிஸ்மோர் கார்டன்ஸ் 34இல். சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கி, எக்ஸிபிஷன் சாலையில் வடக்கே நடந்து வலப்பக்கம் திரும்பினால் பத்துப் பதினைந்து நிமிடம். வெள்ளைத் தூண் வைத்த வீடுகள் வரிசையாக இருப்பதால் எண்ணைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. சுவரில் நீல வட்டப் பலகை இருக்கிறது. நடுவிலிருக்கும் தோட்டம் குடியிருப்பவர்களுக்கானது. கம்பிக்கு வெளியிலிருந்து பார்க்கலாம். மேலே ஐந்து நிமிடத்தில் ஹைட் பார்க்.

1968இல் ஏவா லண்டனுக்கு வந்துவிட்டார். அதற்கு முன் நல்ல வேடங்கள் இரண்டு. 1964இல் ஜான் ஹூஸ்டனின் 'தி நைட் ஆஃப் தி இகுவானா': மெக்சிகோக் கடற்கரை விடுதிக்காரியாக, அலங்காரமெல்லாம் கழற்றிப்போட்டு, தொண்டையைத் திறந்து கத்திச் சிரிக்கிற வேடம். கல்வர் சிட்டி இழைத்தெடுத்த பேச்சு அங்கே தளர்ந்து கரகரக்கிறது. அவர் படம் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள். மற்றது 1959இல் 'ஆன் தி பீச்', மெல்பர்ன் நகரில் எடுத்தது. 'உலகம் அழியும் கதையை எடுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை' என்று அவர் மெல்பர்னைக் கிண்டல் செய்ததாக இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. அதை எழுதியவர் நீல் ஜில்லெட் என்ற பத்திரிகையாளர். வேடிக்கைக்கு எழுதியது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். பாட்டுக்குப் போலவே பேச்சுக்கும் பின்னணி ஆள்.

1986இல் பக்கவாதம். படவேலை நின்றது. 1990 ஜனவரி 25 அன்று இந்த வீட்டில் நிமோனியாவால் இறந்தார், வயது 67. கடைசிவரை கூட இருந்தவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட கார்மென் வர்காஸ். கூடவே மார்கன் என்ற கார்கி நாய். மூன்று படங்களில் ஜோடியாக நடித்த கிரெகரி பெக் இருவரையும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அழைத்து, தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

சவுத் கென்சிங்டனிலிருந்து ஹீத்ரூவுக்கு பிக்கடில்லி தடம் நேராகப் போகும், மாறி ஏற வேண்டாம். பெரிய பெட்டி இருந்தால் மாலை ஐந்துக்கு முன் ஏறிவிடுங்கள்.